புஷ்பவள்ளியின் சம்மதம்

"மறுபடியும் தாங்குதான், திலகா" என்று அனுஷியா சொன்னபோது, திலகாவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்றுதான் முதலில் தோன்றியது. வழக்கைத் தள்ளிவைப்பதற்கு அந்த நீதிமன்றக் கட்டடத்தில் எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் அது. போன முறையும் இதே தாழ்வாரத்தில் இதே சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

"ஏன் மிஸ்? இன்னிக்கு முடிஞ்சிடும்னுதானே சொன்னீங்க?"

"பெத்த தாய்க்கு நோட்டீஸ் போய்ச் சேரல. பழைய அட்ரஸ்ல ஆள் இல்ல. அவங்க சம்மதம் வேணும். இல்லன்னா முறையா தேடிப் பார்த்தும் கிடைக்கலன்னு நாங்க காட்டணும். ரெண்டும் இல்லாம ஜட்ஜ் தத்து கொடுக்க மாட்டாங்க."

"விட்டுட்டுப் போனவ சம்மதம் வேணும். தெனம் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு போடுறவ காத்துக் கெடக்கணும். நல்லா இருக்கு மிஸ் உங்க சட்டம்."

அனுஷியா கையிலிருந்த கோப்பைத் திறந்து, திறந்த வேகத்திலேயே மூடினாள். நலத்துறையிலிருந்து லோஷினியின் தத்து வழக்குக்கு வந்த மூன்றாவது அதிகாரி அவள். முதலில் வந்தவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவள் பிரசவ விடுப்பில் போனாள். ஒவ்வொருவரும் பெடாஸுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்துக்கு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, குளியலறைக் கதவைத் திறந்து பார்த்து, "இது சொந்த வீடா?" என்று கேட்டார்கள். "தோட்டத்து வீடுங்க" என்று திலகாவின் கணவன் சசிதரன் சொன்னதும் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எதையோ எழுதியது. என்ன எழுதினார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த லோஷினி எழுந்து வந்தாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று காலையில் அடம் பிடித்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சாம்மா? நான் இப்ப உங்க பிள்ளையா?"

"நேத்தும் நீ என் பிள்ளதான்டி."

"அப்ப எதுக்கு இங்க வந்தோம்?"

திலகா சசிதரனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

லோஷினி அவர்களிடம் வந்தபோது நான்கு வயதுகூட நிறையவில்லை. புஷ்பவள்ளி என்கிற இளம்பெண் செனாவாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஒரு நாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "வேல கேட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லிப் போனவள் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சில நாள் பார்த்துவிட்டுப் போலீசில் சொன்னார்கள். போலீசிலிருந்து பிள்ளை காப்பகத்துக்குப் போனது. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல், வளர்ப்புக் குடும்பமாக இருக்கிறோம் என்று பேர் கொடுத்துக் காத்திருந்த திலகா வீட்டுக்கு அங்கிருந்து வந்து சேர்ந்தது. வந்த புதிதில் 'ஆண்டி' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து, "அம்மா, துண்டு!" என்று கத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திலகா துண்டை எடுத்துக்கொண்டு போகாமல், அடுப்படியிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டாள்.

சசிதரன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினான். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போய் வருகிற வேலை. திலகா செனாவாங்கில் மின்சாமான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துபோய், பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருந்தார்கள். லோஷினிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம்தான் அவளைக் குடைந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பேருக்குப் பின்னாலும் இன்னார் மகன் என்பதற்கு ஏ.எல். என்றோ, மகள் என்பதற்கு ஏ.பி. என்றோ போட்டு அப்பா பேர் இருந்தது. இவள் பேருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பேர் எழுதும் இடம் காலி.

"ஒனக்கு ஏ.பி. இல்லன்னு சஷ்வின் சிரிக்கிறான்மா."

"அவன் வாய ஒடைக்கிறேன் பாரு."

"ஒடைக்க வேணாம். நீங்க சீக்கிரம் வாங்கிக் குடுங்க."

எங்கோ கடையில் விற்கிற சாமான் மாதிரி அவள் கேட்டதை நினைத்து நினைத்துத் திலகாவுக்கு ஆத்திரம் ஏறும். யார்மேல் என்றுதான் தெரியாது.

அந்தத் தாங்குக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோட்டத்துத் திடலில் ஊஞ்சலிலிருந்து லோஷினி விழுந்துவிட்டாள். கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து, கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது. சசிதரன் தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலின் காரை வாங்கி, இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே கம்பி வைக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார். தாதி ஒரு தாளை நீட்டினாள். திலகா பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

"நீங்க அம்மாதானே?" என்று தாதி மலாயில் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ முறை அதை நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் வாயில் உண்மைதான் வந்தது. வளர்ப்புத் தாய், தத்து இன்னும் முடியவில்லை, கோர்ட்டில் இருக்கிறது. தாதி பேனாவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்படின்னா நலத்துறை ஆள் கையெழுத்துப் போடணும், அக்கா. உயிருக்கு ஆபத்துன்னா டாக்டரே முடிவு எடுப்பாரு. இது அப்படி இல்ல."

நலத்துறை அலுவலகம் அடைத்தாகிவிட்டது. அனுஷியாவின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. லோஷினிக்கு வலி மருந்து போட்டு, கையைக் கட்டி வைத்து, ஆப்பரேஷன் எந்த நேரமும் இருக்கலாம் என்பதால் ஒன்றும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"தண்ணி குடுங்கம்மா. கொஞ்சம்தான்."

"குடுக்கக் கூடாதுடா கண்ணு."

"யாரு சொன்னா? நீங்க அம்மாதானே, நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட."

அனுஷியா மறுநாள் விடிந்ததும் வந்தாள். மலாக்காவில் அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம். போனைப் பைக்குள் போட்டவள் காலையில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறாள். கட்டியிருந்த பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தவள், ஓட்டமாக வார்டுக்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டாள். பிறகு திலகாவின் முன்னால் வந்து நின்று, "சாரி, திலகா" என்றாள். திலகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் கோபப்படுவது நியாயம் இல்லை என்று தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவும் இல்லை.

லோஷினியின் எலும்பு கூடி, கட்டுப் பிரித்த வாரத்தில்தான் மணியம் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிற மணியம், முன்பு புஷ்பவள்ளி இருந்த அதே அடுக்குமாடியில் குடியிருந்தவன்.

"செண்டாயான்ல ஒரு பேக்டரி கேண்டீன்ல சாப்புடப் போனேன் சசி. மேச தொடச்சிக்கிட்டு நிக்கிது அந்தப் பொண்ணு. என்னைப் பாத்ததும் உள்ள போயிருச்சு."

சசிதரன் அன்றைக்கே அனுஷியாவிடம் சொன்னான். "ரொம்ப நல்லது, நான் மேலே எழுதுறேன்" என்றாள் அனுஷியா. போனை வைப்பதற்கு முன் திலகாவிடம் கொடுக்கச் சொல்லி, அழுத்திச் சொன்னாள்: "நீங்க யாரும் அங்க போகாதீங்க. தயவுசெஞ்சு. இது நாங்க செய்ய வேண்டிய வேலை."

எழுதினார்கள். கடிதம் கேண்டீனுக்குப் போனது. வாங்க மாட்டேன் என்று புஷ்பவள்ளி திருப்பி அனுப்பினாள். மறுபடியும் எழுத மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். மேலிடத்தில் ஆள் விடுப்பில் என்றார்கள். கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் பொறுமையா இருங்க" என்ற பதில்தான் வந்தது. பொறுமை, பொறுமை என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லைக் கேட்டாலே திலகாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவள், மோட்டாரை வீட்டுப் பக்கம் திருப்பாமல் செண்டாயானுக்கு விட்டாள். சசிதரனிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் திட்டுவதற்கான வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனாள்.

கேண்டீனில் கூட்டம் கலைந்திருந்தது. மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒல்லியாக, திலகா நினைத்திருந்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். கழுத்தில் இன்னும் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு. வயிறு மேடிட்டிருந்தது.

"என்னா சாப்புடுறீங்கக்கா? மீகோரேங் மட்டும்தான் இருக்கு."

"நான் லோஷினியோட அம்மா."

சொல்ல நினைத்து வந்தது இது இல்லை. வாயில் இதுதான் வந்தது. புஷ்பவள்ளியின் கை மேசையின்மேல் அப்படியே நின்றது. பிறகு சட்டென்று துணியை வீசிவிட்டு, திலகாவின் மணிக்கட்டைப் பிடித்து, பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தமா பேசாதீங்கக்கா. என் மாமியாரோட தங்கச்சி இங்கதான் கேஷ்ல இருக்காங்க."

"ஏன் லெட்டர வாங்கல?"

"வாங்குனா தெரிஞ்சிரும். அவங்க யாருக்கும் தெரியாது. இதுதான் மொதப் பிள்ளன்னு வளைகாப்புக்கு நாள் பாத்துக்கிட்டிருக்காங்க." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "தெரிஞ்சா என்னை ரோட்டுல விட்ருவாங்கக்கா. எனக்குப் போறதுக்கு எடம் இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"ஒனக்கு எடம் இல்லன்னு அவள விட்டுட்டுப் போனியே..." என்று திலகா ஆரம்பித்தாள். அடுக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"இன்னும் தூக்கத்துல பல்லு கடிக்கிறாளாக்கா?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

கடிப்பாள். நறநறவென்று கடிப்பாள். தாடையை மெதுவாகத் தடவிக் கொடுத்தால் நிறுத்திவிடுவாள். உலகத்தில் அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று திலகா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"கடிக்கிறா" என்றாள்.

புஷ்பவள்ளி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "நான் எங்க கையெழுத்துப் போடணும்? சொல்லுங்க, வரேன். வீட்டுக்கு மட்டும் எதுவும் வரக் கூடாது" என்றாள்.

"வராது. நான் பாத்துக்குறேன்" என்றாள் திலகா.

அடுத்த தவணைக்குப் புஷ்பவள்ளி உண்மையிலேயே வந்தாள். கிளினிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கிராப் டாக்சி பிடித்து வந்திருந்தாள். அவளைக் கண்டதும் அனுஷியாவின் முகம் ஆச்சரியத்தில் விரிந்தது. பிறகு திலகாவைத் திரும்பிப் பார்த்துச் சுருங்கியது. பேச நேரம் இல்லை. வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி. தன்மையாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீங்களா விரும்பித்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க."

"இன்னிக்கு இங்க வரணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

புஷ்பவள்ளிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கையை நீட்டித் திலகாவைக் காட்டினாள். "இந்த அக்கா வந்து கேட்டாங்க."

"உங்களுக்கு ஏதாவது செஞ்சு தரதா சொன்னாங்களா?"

"பணம் கிணம் ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்கு லெட்டர் வராம பாத்துக்குறேன்னு சொன்னாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னதும் நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தத்து கேட்கிறவரே போய்ப் பார்த்து, ஒரு வாக்குறுதியும் கொடுத்து வாங்கிவந்த சம்மதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்றார். இது இந்தப் பெண்ணின் சொந்த விருப்பம்தானா என்று நலத்துறை அவளைத் தனியாகச் சந்தித்து, அவளுடைய இன்றைய நிலைமையை விசாரித்துப் புதிதாக அறிக்கை கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் தாங்கு.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அனுஷியாவின் குரல் உயர்ந்தது. அவள் குரல் உயர்ந்து திலகா கேட்டதே இல்லை.

"போகாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே, திலகா! ஏன்னு நினைச்சீங்க? இதுக்குத்தான்!"

"நீங்க சொன்னீங்க. என்னா செஞ்சீங்க? நான் போகலன்னா இன்னிக்கு அந்தப் பொண்ணு வந்திருக்குமா?"

"வந்திருக்காது. ஆனா நான் கண்டுபிடிச்சுக் கேட்டிருந்தா, அவ சொன்னது இன்னிக்குச் செல்லுபடியாகியிருக்கும்."

"எப்ப கேப்பீங்க? எம்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனப்புறமா?"

"போதும் லா, ரெண்டு பேரும்" என்று சசிதரன் நடுவில் வந்தான். "அங்க பாருங்க."

படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த புஷ்பவள்ளி நின்றுவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த லோஷினியைக் கடந்துதான் அவள் போயாக வேண்டும். லோஷினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைவிட வயிற்றைத்தான் பார்த்தாள்.

"ஆண்டி, பேபி எப்ப வரும்?"

"தைப்பூசம் முடிஞ்சு" என்றாள் புஷ்பவள்ளி. அதற்குமேல் நிற்க முடியாதவள் போல, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்த ஆண்டி யாரு?" என்று லோஷினி கேட்டாள். தெரிந்தவர்கள் என்றாள் திலகா. அன்று சாயங்காலம் சசிதரன் டிராக்டர் சாவியை மாட்டிவிட்டு வந்து, "பிள்ளைகிட்ட பொய் சொல்லாத. நாளைக்கு வேற எவனாச்சும் சொல்லுவான்" என்றான். திலகா அவனிடமும் சண்டை போட்டாள். மறுநாள் லோஷினிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற தைரியத்தில், சொல்லிவிட்டாள். உன்னைப் பெற்றவர்கள் அவர்கள்தான். வளர்க்க முடியாமல் போய்விட்டது. அதனால் நீ எங்களிடம் வந்தாய்.

"அப்ப அந்த பேபி எனக்குத் தம்பியா, தங்காச்சியா?" என்றாள் லோஷினி.

திலகா தலையைச் சீவிக்கொண்டே இருந்தாள். பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

அறிக்கைக்காக நலத்துறை ஆள் செண்டாயான் வீட்டுக்கே போய் நிற்பார் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. தன் அவசரத்தால் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வழி போட்டுக் கொடுத்தது தானேதான். அனுஷியாவுக்குப் போன் செய்து, "என்னை என்னா வேணும்னாலும் திட்டுங்க மிஸ். அந்தப் பொண்ணு வீட்டுக்கு மட்டும் போயிராதீங்க" என்றாள்.

"என் வேலைய எனக்குச் சொல்லித் தராதீங்க, திலகா" என்று சொல்லிவிட்டு அனுஷியா போனை வைத்துவிட்டாள்.

வாரங்கள் போயின. பதில் இல்லை. தொழிற்சாலையில் திலகா கைமறதியாகத் தப்பும் தவறுமாகச் செய்து சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். செண்டாயானில் அந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. மறுபடி போய்ப் பார்க்கவும் முடியாது.

பிறகுதான் தெரிந்தது, அனுஷியா அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. கர்ப்பிணிகள் மாதாமாதம் வருகிற அரசாங்கக் கிளினிக்கில், புஷ்பவள்ளி வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, தானும் ஒரு நோயாளி மாதிரி நீல நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு முறை பேசியது போதாதென்று அடுத்த மாதமும் போயிருக்கிறாள். பிள்ளையை எனக்குத் திரும்ப வேண்டாம் என்று சொல்லவில்லை அந்தப் பெண். என்னிடம் இருந்தால் அவள் நன்றாக இருக்க மாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். அதை வார்த்தை மாறாமல் அறிக்கையில் எழுதியிருந்தாள் அனுஷியா.

தைப்பூசம் கழிந்து, பள்ளிக்கூடம் புது வருடத்துக்குத் திறந்திருந்த சமயத்தில் தத்து ஆணை வந்தது. நீதிபதி அறிக்கையைப் புரட்டினார், தலையை ஆட்டினார், மலாயில் நாலு வரி வாசித்தார். எதிர்க்கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று திலகா மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் சசிதரன் லோஷினியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தான். திலகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவ்ளோதானா? இதுக்கா இத்தன நாளு நம்மள அலைய வெச்சாங்க?"

"அதான் கெடச்சிருச்சே லா. சந்தோஷப்படு."

"என்னால ஒடனே முடியலங்க. விடுங்க என்னை."

அனுஷியா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அடுத்த மாதம் தனக்கு ஜொகூருக்கு மாற்றல் என்றாள். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் திலகா அவளிடம் போனாள். ஆனால், "அந்தப் பொண்ணுக்குப் பொறந்திருச்சா மிஸ்?" என்றுதான் கேட்க முடிந்தது.

"அதை நான் சொல்லக் கூடாது." அனுஷியா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வீட்டுலயும் ஒரு பிரச்சினையும் இல்ல."

திலகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விட மனம் வராமல் நின்றாள்.

சோற்றுக்கடையில் லோஷினி கோழிப் பொரியல் கேட்டாள். இரண்டு துண்டு வைக்கச் சொன்னான் சசிதரன். திலகா தன் இலையைத் தொடவில்லை. அரைமணி நேரத்தில் மத்தியான ஷிப்ட். எடுக்க வேண்டிய லீவையெல்லாம் கோர்ட்டுக்கே எடுத்துத் தீர்த்தாகிவிட்டது. கடையின் கழிப்பறையில் போய்ப் புடவையை அவிழ்த்து, தொழிற்சாலை யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கும் போறீங்களாம்மா?" என்றாள் லோஷினி, வாய் நிறையச் சோற்றோடு.

"போகணும்டி."

"போகாதீங்க."

திலகா குனிந்து அவள் உதட்டோரத்தைத் துடைத்தாள். தொட்டபிறகு நிமிர முடியவில்லை. அந்தச் சின்னத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கடையில் எல்லாரும் பார்க்க, இத்தனை வருடம் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். லோஷினி எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யூனிஃபார்மில் பட்டுவிடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தாள். சசிதரன் போனை எடுத்துத் திலகாவின் சூப்பர்வைசர் எண்ணைத் தேடினான்.